புதுமேட்டுச் செவுரு

எங்கண்ணன் இருதயராஜ் ஒரு நாட்டையே பண்ணி வச்சிருந்துச்சு. லாங் சைஸ் நோட்டு ரெண்டுல. அந்த நாட்டுக்கு ஒரு ஆறு, ஒரு மேடு, செவ்வாக்கிழமை சந்தை, நூத்தி நாப்பத்திரெண்டு வீடு. எந்த வீட்டுல யாரு இருக்காங்க, இன்னா வேலை செய்யறாங்க, யாருக்கு முட்டி வலி, எல்லாம் எழுதி வச்சிருக்கும். இதைப் போய் வெளிய சொன்னா சிரிப்பாங்க. "வயரிங் வேலை செய்யறவருக்கு எதுக்கும்மா நாடு?"ன்னு எங்க வீட்டுக்காரரே கேட்டாரு. கேக்கட்டும். நான் சொல்லத்தான் போறேன். எனக்கு வயிறு எரியுது, சொல்லாம இருந்தா இன்னும் எரியும்.

எங்க ஊரு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல இருக்கு. பேரு வேணாம், சொன்னா நாளைக்கே நாலு பேரு வண்டி கட்டிக்கினு வந்து நிப்பானுங்க. வேதக்கார ஊரு. மேலத்தெருவும் கிறிஸ்தவங்க, காலனியில நாங்களும் கிறிஸ்தவங்க. ஒரே கோயிலு, ஒரே சாமியாரு, ஒரே பூசை. செத்தா மட்டும் வேற. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஆள் உசரத்துக்கு ஒரு செவுரு. அந்தாண்ட மேலத்தெரு, இந்தாண்ட நாங்க. செத்தவங்க எழுந்து வந்து ஒரே சொம்புல தண்ணி குடிச்சுடுவாங்கன்னு பயமோ இன்னாவோ.

அப்புறம் தூம்பா. பொணம் எடுத்துக்கினு போற வண்டி அது. நாலு சக்கரம், சுத்தியும் செதுக்கு வேலை, மேல பித்தளைச் சிலுவை. கோயிலுக்குப் பக்கத்துல கொட்டாயில பூட்டி வச்சிருப்பாங்க. மேலத்தெருவுல சாவு விழுந்தா வெளிய வரும். எங்களுக்கு மூங்கில் பாடை. எங்கப்பா மாசிலாமணி வெள்ளையடிக்கற வேலை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னால அந்தச் செவுத்துக்கு ரெண்டு பக்கமும் சுண்ணாம்பு அடிக்கறதும் அவருதான், தூம்பாவுக்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்கறதும் அவருதான். அடிச்சு முடிச்சுட்டு, "எல்லாரையும் ஏத்திக்கினு போறியே, என்னைய ஒருநா ஏத்திக்கினு போவியா?"ன்னு வண்டியைத் தட்டிக் கேப்பாரு. சிரிச்சுக்கினேதான் கேப்பாரு. நாங்களும் சிரிப்போம்.

தொண்ணூத்தேழுல அண்ணன் வானூர் பக்கம் வெள்ளைக்காரங்க தங்கற ஒரு விடுதியில வயரிங் வேலை பாத்துக்கினு இருந்துச்சு. யாரோ விட்டுட்டுப் போன சாமான்களை வாட்ச்மேன் குப்பையில போட்டுக் கொளுத்தப் போயிருக்காரு. அதுல ஒரு அட்டைப் பெட்டி. உள்ள ஒரு தடி புஸ்தகம், கலர் கலரா பட்டை வச்ச கல்லு ஏழு. கல்லு அழகா இருக்கே, தங்கச்சிக்கு மாலை கோத்துக் குடுக்கலாம்னு தூக்கிக்கினு வந்துடுச்சு. வீட்டுல பாத்தா கல்லுல நம்பர் போட்டிருக்கு. தாயக்கட்டை மாதிரி உருட்டற சாமான். அதுல ஒண்ணுக்கு இருவது மூஞ்சி.

அண்ணன் பிளஸ் டூ பாஸ். இங்கிலீஷ் ஏதோ தட்டுத் தடுமாறிப் படிக்கும். டிக்ஷனரி வச்சுக்கினு ஒம்போது மாசம் அந்தப் புஸ்தகத்தைப் படிச்சுது. ஏதாவது வேலைக்குப் படிக்குது போலன்னு எங்கம்மா சவுரியம்மாள் முட்டையெல்லாம் அவிச்சுக் குடுத்துச்சு. கடைசியில பாத்தா அது ஒரு ஆட்டம்.

ஆட்டம் ரொம்ப சுளுவு. ஒருத்தர் கதை சொல்லணும். மத்தவங்க கதைக்குள்ள ஆளுக்கொரு ஆளா இருக்கணும். "முன்னால ஆறு ஓடுது, வெள்ளம், இன்னா பண்றீங்க?"ன்னு கதை சொல்றவரு கேப்பாரு. நீச்சலடிக்கறேன்னு சொல்லலாம், திரும்பிப் போறேன்னு சொல்லலாம், ஆத்தைத் திட்டறேன்னு கூடச் சொல்லலாம். கஷ்டமான காரியம்னா கதை சொல்றவரு ஒரு நம்பர் சொல்லுவாரு. இருவது மூஞ்சிக் கட்டையை உருட்டி அந்த நம்பரோ, அதுக்கு மேலயோ விழுந்தா காரியம் நடந்துச்சு. இல்லன்னா இல்ல. அவ்ளோதான்.

புஸ்தகத்துல இருந்த கோட்டை, டிராகனெல்லாம் அண்ணனுக்குப் பிடிக்கல. "நம்ம பார்த்தது எது, அதை வச்சுப் பண்ணுவோம்"னு தானே ஒரு நாடு எழுதுச்சு. பேரு புதுமேடு. பெரிய வெள்ளம் வந்து எல்லா ஊரையும் அடிச்சுக்கினு போயிடுது. தப்பிச்சவங்க ஒரு மேட்டுல வந்து சேர்றாங்க. வெள்ளத்துல அவங்களுக்கு எல்லாமே மறந்துபோச்சு. எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு பெத்த புள்ளை, எதுவும் ஞாபகம் இல்ல. அங்கருந்து கதை ஆரம்பம். நோட்டுல மொதப் பக்கத்துல கொட்டை எழுத்துல அண்ணன் எழுதியிருந்துச்சு: 'என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கதை சொல்பவர் முடியாது என்று சொல்லக் கூடாது.'

"ஜெசி, அங்க யாருக்கும் தெருவே கிடையாது. யோசிச்சுப் பாரேன்"னு எங்கிட்ட பஸ்ல சொல்லுச்சு. கண்ணெல்லாம் பளபளன்னு இருந்துச்சு.

"இதுக்குத்தான் இந்த நாடுன்னு எல்லாருகிட்டயும் மொதல்லயே சொல்லிடேன்ணா."

"சொன்னா பிரசங்கமாயிடும். உள்ள வந்து வாழ்ந்து பாத்தா அவங்களுக்கே தெரியும்."

இந்த எடத்துலதான் எங்கண்ணன் தப்பு பண்ணுச்சு. உள்ள வர்றவன் தான் பொறந்த தெருவைக் கழட்டி வாசல்ல விட்டுட்டு வருவான்னு நம்புச்சு.

ஆட நாலு பேரு. அண்ணன் கதை சொல்லும். நான் ஓடக்காரி. கிருஷ்ணசாமி அண்ணன் எண்ணெய் யாவாரி. அவரு அண்ணன்கூட திண்டிவனத்துல படிச்சவரு, அங்கயே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால எஸ்டிடி பூத்தும் ஜெராக்ஸும் வச்சிருந்தாரு. நாலாவது ஆளு அந்தோணி பிரபு. அவனும் கூடப் படிச்சவன்தான். எங்க ஊரேதான், மேலத்தெரு. அவங்கப்பாதான் கோயில் கமிட்டித் தலைவரு, கரும்புக்காரரு. அப்பல்லாம் வாய் நிறைய பிரபுண்ணான்னுதான் கூப்புடுவேன். இப்ப வெறும் பிரபு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிருஷ்ணசாமி அண்ணன் கடைக்குப் பின்னால இருந்த ரூம்ல ஆட்டம். ஏன் திண்டிவனம்னு கேளுங்க. பிரபு காலனிக்குள்ள வர மாட்டான். நாங்க அவன் வீட்டு வாசப்படி தாண்ட முடியாது. காலையில ஒரே கோயில்ல பூசை பாத்த மூணு பேரு, ஒண்ணா உக்காந்து ஆடறதுக்கு பதினெட்டு கிலோமீட்டர் பஸ் ஏறிப் போனோம். அதுவும் பஸ்ல தனித்தனி சீட்டு. திண்டிவனத்துல எறங்குனப்புறம்தான் தோள்மேல கை போட்டுப்பான். அண்ணனுக்கு அது போதும். "அவன் நல்லவன் ஜெசி, ஊருக்குப் பயப்படறான், அவ்ளோதான்"னும்.

பொய் சொல்லக் கூடாது, பிரபு நல்லா ஆடுவான். அவன் ஆளு பேரு வேங்கையன், புதுமேட்டுக்குத் தலைவன். ஒரு தடவை திருடனுங்க நூறு பேரு ஊரை வளைச்சுட்டானுங்க. எங்ககிட்ட பன்னெண்டு ஈட்டி. இன்னா பண்றதுன்னு முழிக்கறோம். பிரபு, "என் வீட்டுத் தானியக் குதிரு இருக்கே, அதை நானே கொளுத்தறேன்"னான். எங்களுக்குப் புரியல. "கேப்பை எரியற பொகையப் பாத்தா, ஊரு ஏற்கெனவே கொள்ளை போயிடுச்சுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவானுங்க." கட்டை உருட்டினான், பத்தொம்போது. திருடனுங்க போயிட்டானுங்க. அண்ணன் எழுந்து அவனைக் கட்டிப் புடிச்சுக்கினு, "இதுதான்டா ஆட்டம்! நான் எழுதாததை நீ செஞ்ச பாரு!"ன்னு குதிச்சுது. அன்னைக்கு பிரபு கொண்டாந்த அவிச்ச மல்லாட்டையை, வேர்க்கடலைதான், நாலு பேரும் ஒரே பேப்பர்லருந்து எடுத்துத் தின்னோம். நான் கூட, பரவால்ல, அண்ணன் சொல்றது நடக்கும் போலன்னு நெனச்சேன்.

ரெண்டாயிரத்து ஒண்ணுல, தவக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. புதுமேட்டுல காய்ச்சல் வந்துச்சு. அண்ணன் கொரலைத் தாழ்த்தி, "பத்து பேரு செத்துட்டாங்க. மேட்டு வீடுங்கள்ல ஆறு பேரு, ஆத்தங்கரை வீடுங்கள்ல நாலு பேரு. இன்னா பண்றீங்க?"ன்னு கேட்டுச்சு.

பிரபு மல்லாட்டை உரிச்சுக்கினே சொன்னான். "கல்லறை கட்டணும். ரெண்டா கட்டிடலாம்."

"ஏன் ரெண்டு?"

"மேட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, ஆத்தங்கரைக்காரங்களுக்கு ஒண்ணு. நடுவுல ஒரு செவுரு போட்டுட்டா பேஜாரு இல்ல."

கிருஷ்ணசாமி அண்ணன்தான் வாயத் தொறந்தாரு. "இன்னாப்பா இது, வெள்ளத்துல எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோச்சுன்னுதான கதை? யாரு மேடு, யாரு ஆத்தங்கரை?"

"பழசு மறந்துபோச்சுய்யா. வேங்கையன் புதுசா யோசிக்கறான்."

அண்ணன் மொகத்தைப் பாக்கணும் நீங்க. வாடிப்போச்சு. "பிரபு, இந்த நாடு அதுக்கு இல்லடா"ன்னு மெதுவா சொல்லுச்சு.

"எதுக்கு இல்ல? என்ன வேணா செய்யலாம்னு நீதான எழுதி வச்சிருக்க? தானியத்தைக் கொளுத்துனப்ப கட்டிப் புடிச்ச. இப்ப செவுரு கட்டறேன்னா மூஞ்சியத் தூக்கற. உனக்குப் புடிச்சதைத்தான் நாங்க செய்யணும்னா, அப்ப எங்களை எதுக்குக் கூப்புட்ட? நீயே தனியா உக்காந்து கதை எழுதிக்க வேண்டியதுதான?" அப்புறம் சிரிச்சான். "டேய், ஆட்டம்தானடா."

எனக்கு வந்துச்சே கோவம்! "அண்ணா, நீதான கதை சொல்றவன்? மழை பேஞ்சு செவுரு இடிஞ்சு விழுந்துச்சுன்னு சொல்லுண்ணா!"ன்னு கத்திட்டேன். அண்ணன் என்னைப் பாக்கவே இல்ல. கட்டையை எடுத்து பிரபு கையில குடுத்துச்சு. "ஊரு ஒத்துக்கணும். பதினஞ்சு"ன்னுச்சு. பிரபு உருட்டினான். பதினெட்டு. கை தட்டினான் படுபாவி. அண்ணன் நோட்டை எடுத்து, தேதி போட்டு, 'கல்லறையில் சுவர் கட்டப்பட்டது'ன்னு எழுதுச்சு.

பஸ்ல நான் வாயே ஓயல. ஏன் விட்ட, ஏன் விட்டன்னு அரிச்சு எடுத்துட்டேன். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்துச்சு. கடைசியா சொல்லுச்சு: "மழையில இடிஞ்சா அது மழை இடிச்சது ஜெசி. நான் இடிச்சாலும் நான் இடிச்சதுதான். அவன் கட்டினான். அவனே மனசு வந்து, 'இடிக்கறேன்'னு சொல்லணும். அவன் வாயால சொல்லணும். ஆட்டத்துல சொல்லிட்டான்னா வெளியிலயும் ஒருநா சொல்லுவான்."

அந்த ஒத்தை வார்த்தைக்குத்தான் எங்கண்ணன் காத்துக்கினு இருந்துச்சு. நாலு வருஷம். வாரா வாரம் பஸ் ஏறிப் போயி, அந்தச் செவுத்தை அவனே இடிக்கறதுக்கு வழி பண்ணிக்கினே இருந்துச்சு. ஒரு தடவை வேங்கையனோட புள்ளை ஆத்துல விழுந்துடும். ஆத்தங்கரை பொம்பளை ஒருத்தி குதிச்சுத் தூக்கிக்கினு வந்துட்டு, அவ செத்துப்போயிடுவா. "அவளை எங்க பொதைப்பீங்க?"ன்னு கேக்கும். பிரபு உச்சுக் கொட்டுவான். "பாவம். செவுத்துக்கு அவங்க பக்கமே பெரிய கல்லறையா கட்டிக் குடுங்க, நான் செலவு பண்றேன்"னுவான். இன்னொரு தடவை செவுத்துல விரிசல் விட்டிருக்கும். "பூசிடுங்க"ன்னுவான். அண்ணன் ஒரு தடவை கூட 'இடி'ன்னு சொல்லல. 'முடியாது'ன்னும் சொல்லல. மொதப் பக்கத்துல எழுதுனதைக் காப்பாத்திக்கினு இருந்துச்சு. எனக்குத்தான் பத்திக்கினு வரும்.

ரெண்டாயிரத்து அஞ்சு, ஏப்ரல் மாசம். அப்பா காலையில கேப்பைக் கூழு குடிச்சுட்டு நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாரு. எழுந்திரிக்கவே இல்ல. ஐம்பத்தொம்போது வயசு.

பதினோரு மணி இருக்கும். அண்ணன் அழுவல. சட்டை மாட்டிக்கினு கிளம்புச்சு. எங்கன்னு கேட்டேன். "தூம்பா கேக்கப் போறேன்." காலனியிலருந்து அதுவரைக்கும் யாரும் போய்க் கேட்டதே இல்ல. நானும் பின்னாலயே ஓடினேன்.

பிரபு அப்ப கோயில் கமிட்டிக்குச் செயலாளர் ஆயிட்டான். கோயில் கிட்டயே இருந்தான். எங்களைப் பாத்ததும் ஓடி வந்து அண்ணன் கையப் புடிச்சுக்கினு, "கேள்விப்பட்டேன் இருதயம், மனசே சரியில்ல, நல்ல மனுஷன்"னான். கண்ணுல தண்ணி கூட வந்துச்சு. நடிப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

அண்ணன் சொல்லுச்சு: "அந்த வண்டிக்கு இருவத்தாறு வருஷம் பெயிண்ட் அடிச்சிருக்காரு. ஒரு தடவ ஏத்திக்கினு போறேன் பிரபு. கோயில்லருந்து கல்லறை வாசல் வரைக்கும் போதும். அப்புறம் நாங்க தூக்கிக்கினு எங்க பக்கம் போயிடறோம்."

பிரபு கையை விட்டுட்டான். "எனக்குத் தெரியாதாடா? ஆனா ஊரு வழக்கம். நான் இன்னா பண்ண முடியும்?"

"சாவி உங்கிட்டதான இருக்கு."

சட்டைப் பாக்கெட்டுல கொத்தா வெளியவே தெரிஞ்சுது சாவி. பிரபு அதுமேல கைய வச்சுக்கினான். "சாவி இருந்தா? தலைவர் சொல்லாம நான் எப்புடித் தொறக்கறது? தலைவர் வெளியூர் போயிருக்காரு."

தலைவர்னா அவங்கப்பாதாங்க. அவங்க வீட்டு மாடியில ஈஸி சேர்ல உக்காந்து, எங்களைத்தான் பாத்துக்கினு இருந்தாரு. நான் பாத்தேன். அண்ணனும் பாத்துச்சு. பிரபு பாக்கவே இல்ல. நான் வாயத் தொறக்கப் போனேன், அண்ணன் என் மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துக்கினு வந்துடுச்சு.

அப்பாவைத் தோள்ல தூக்கிக்கினு போனோம். சந்து வழியா, வயக்காட்டு வரப்பு மேல, செவுத்துக்கு இந்தாண்ட. அவரு அடிச்ச சுண்ணாம்பு அப்பக் கூட நல்ல வெள்ளையா இருந்துச்சு. எங்கம்மா மார்ல அடிச்சுக்கினு அழுவுது, நான் அழுவறேன், காலனியே அழுவுது. அண்ணன் ஒரு சொட்டு விடல. மண்ணு போட்டுட்டு கையத் தட்டிக்கினு வந்துடுச்சு.

அதோட ஆட்டம் நின்னுபோச்சு. நிறுத்தறோம்னு யாரும் சொல்லல, அடுத்த ஞாயித்துக்கிழமை அண்ணன் பஸ் ஏறல, அவ்ளோதான். நோட்டையும் கட்டையையும் அந்தப் பெட்டியில போட்டுக் கட்டிப் பரண்மேல வச்சிடுச்சு. நான் கொளுத்துன்னு சொன்னேன். கேக்கல.

அப்புறம் அண்ணன் ஊர்ல இருக்கல. முண்டியம்பாக்கத்துல மெடிக்கல் காலேஜு கட்டறப்ப வயரிங் எடுத்தவங்ககிட்ட வேலைக்குப் போச்சு. பின்னால தனியா நாலு பேரை வச்சு வேலை எடுத்துச்சு. மெர்லின் அண்ணியக் கட்டிக்கினு, விழுப்புரத்துல காணை ரோடு பக்கம் ஒரு வீடும் கட்டுச்சு. அந்தத் தெருவுல யாரு யாருன்னு யாருக்கும் தெரியாது. "புதுமேடு மாதிரி"ன்னு ஒரே ஒரு தடவ சொல்லுச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேரை எடுத்ததில்ல.

ரெண்டாயிரத்து பதினாலுல ஒருநா போன் வந்துச்சு. பிரபு. அவன் புள்ளை ஆஸ்வின் மெட்ராஸ்ல காலேஜு படிக்கறானாம். ஹாஸ்டல்ல பசங்களோட இந்த ஆட்டம் ஆடறானாம். "நாங்க தொண்ணூத்தொம்போதுலயே திண்டிவனத்துல ஆடினோம்டான்னு சொன்னேன், நம்ப மாட்டேங்கறான். ஒருநா வர்றோம், ஆடிக் காட்டுடா." அண்ணன் வரச் சொல்லிடுச்சு. என்னையும் கூப்புட்டுச்சு. "கிருஷ்ணசாமி துபாய்ல இருக்கான். நீயாவது வா"ன்னுச்சு. எனக்கு ஆத்திரம். ஆனா அண்ணன் கொரல்ல ஏதோ இருந்துச்சு. அந்தக் காத்துக்கினு இருந்த கொரல். ஒம்போது வருஷம் ஆகியும் அது போகல.

ஞாயித்துக்கிழமை காலையில வந்தாங்க. கார்ல. பிரபுவுக்குத் தொப்பை போட்டிருந்துச்சு, தலை நரைச்சிருந்துச்சு. அவங்கப்பா செத்து மூணு வருஷம் ஆச்சு. இப்ப இவன்தான் கமிட்டித் தலைவரு. எங்கண்ணன் வீட்டுக்குள்ள அவன் கால் வைக்கறது அதுதான் மொத தடவ. சோபாவுல உக்காந்தான். மெர்லின் அண்ணி டீ கொண்டாந்து வச்சாங்க. "இப்பதான் வழியில குடிச்சேம்மா, இருக்கட்டும்"னான். ஆஸ்வின் எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டான். நல்ல புள்ளை, கலகலன்னு பேசுச்சு.

அண்ணன் பெட்டியைப் பிரிச்சுது. ஆஸ்வின் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்து, "அங்கிள், இதெல்லாம் நீங்களே எழுதுனதா? செமயா இருக்கு அங்கிள்"னான். பிரபு இருவது மூஞ்சிக் கட்டையை உள்ளங்கையில உருட்டிக்கினு, "வேங்கையன்டா நான்! நூறு திருடனை ஓட வச்சவன்!"னு சிரிச்சான். கிழவனுக்குச் சின்ன வயசு திரும்பிடுச்சு.

"விட்ட எடத்துலருந்து ஆரம்பிப்போமா?"ன்னு அண்ணன் கேட்டுச்சு. ஆஸ்வின் வேங்கையனோட புள்ளையா இருக்கேன்னான். நான் பழையபடி ஓடக்காரி.

அண்ணன் நோட்டைப் பாக்காமலே சொல்லுச்சு. "புதுமேட்டுல காலை நேரம். ஆத்தங்கரையில ஒருத்தரு செத்துட்டாரு. வெள்ளையடிக்கறவரு. மேட்டுல ஒரு வண்டி இருக்கு, பொணம் எடுத்துக்கினு போற வண்டி. அதுக்கு இருவத்தாறு வருஷம் பெயிண்ட் அடிச்சவரு அவருதான். அவரு புள்ளை உங்ககிட்ட வந்து நிக்கறான், ஒரு தடவ அந்த வண்டியில ஏத்திக்கினு போறேன்னு. சாவி வேங்கையன் கையில. ஊருக்கே அவன்தான் தலைவன், அவனுக்கு மேல யாரும் இல்ல." நிறுத்துச்சு. "இன்னா பண்ற பிரபு?"

பிரபு சிரிப்பு நின்னுபோச்சு. கட்டையை டேபிள்மேல வச்சான். "இன்னாடா இது? இத்தினி வருஷம் கழிச்சு ஜாலியா ஆடலாம்னு வந்தா. பேயி, சண்டை, எதுனா வைய்யிடா. ஆட்டத்துல போயி இதெல்லாம் இழுக்கலாமா? இதுக்கா இந்த ஆட்டம்?"

"என்ன வேணா செய்யலாம்"னுச்சு அண்ணன். "கட்டை கூட உருட்ட வேணாம். நீ சொன்னா நடந்துடும்."

ஃபேன் ஓடுது. அண்ணி கதவோரம் நிக்கறாங்க. பிரபு வேர்வையைத் தொடைச்சுக்கறான். சொல்லேன்டா, ஒரு வார்த்தை சொல்லேன், செலவா, நஷ்டமா, பாக்கறதுக்கு மேலத்தெருக்காரன் ஒருத்தன் கூட இங்க இல்லியேன்னு எனக்குள்ளயே கத்தறேன். அண்ணன் அவன் வாயையே பாத்துக்கினு இருக்கு.

ஆஸ்வினுக்கு ஒண்ணும் தெரியாது. "அப்பா, தொறந்து விடேன். ஆட்டம்தானப்பா"ன்னான்.

பிரபு புள்ளையப் பாத்தான். அண்ணனைப் பாத்தான். வாசப்பக்கம் பாத்தான். அப்புறம் சொன்னான்:

"வேங்கையன் அன்னைக்கு வெளியூர் போயிருக்கான்னு வச்சுக்கடா."

அண்ணன் தலையாட்டுச்சு. பேனாவை எடுத்து, தேதி போட்டு, எழுதுச்சு. நான் எட்டிப் பாத்தேன். 'தலைவர் வெளியூர். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.' எழுதிட்டு நோட்டை மூடிடுச்சு.

"அவ்ளோதானா அங்கிள்?"ன்னு ஆஸ்வின் கேட்டான்.

"அவ்ளோதான் தம்பி."

அவங்க கிளம்புனாங்க. பிரபு வாசல்ல நின்னு, "வர்றேன் இருதயம்"னான். அண்ணன் நல்லபடியா போயிட்டு வான்னு அனுப்பி வச்சுது. நான் உள்ள வந்து அவன் தொடாம வச்சிருந்த டீயை எடுத்து வாஷ் பேசின்ல ஊத்தினேன். திரும்பிப் பாத்தா அண்ணன் சோபாவுல உக்காந்து, ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கினு இருக்கு. தோளு குலுங்குது. "அப்பா, அப்பா"ன்னு சத்தம் வருது. ஒம்போது வருஷம் கழிச்சு, எங்கப்பாவுக்காக எங்கண்ணன் அன்னைக்குத்தான் அழுதுச்சு.